நடேசனின் மூக்குக்கு எட்டாதது

பிள்ளைப்பாக்கம் நடேசனுக்கு மூக்கு சும்மா மூச்சுவிட வைத்த உறுப்பு அல்ல. பெட்ரோலை முகர்ந்தே எந்த பங்க்கில், எந்தக் கிழமை போட்டது என்று சொல்லிவிடுவார். படப்பையில் கசிந்த கேஸ் சிலிண்டரை இங்கிருந்தே கண்டுபிடித்து, அந்த வீட்டுக்காரருக்கு போன் போட்டுத் திட்டியிருக்கிறார். இதற்குச் சாட்சிகள் இரண்டு பேர். இரண்டு பேரும் நடேசன்தான்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் வேலை. அங்கே ஒவ்வொரு சைலன்சரிலும் தடித்த குழாயை மாட்டி, புகையைக் கூரைக்கு மேலே அனுப்பிவிடுவார்கள். அந்தக் குழாய் ஆடிட்காரர்களுக்காக மாட்டிய அலங்காரம் என்பது இருபது வருஷமாக நடேசனின் கட்சி.

வீட்டின் கீழே, ஷட்டர் போட்ட அறையில் ஜெனரேட்டர் ரிப்பேர் செய்வார். மாடியில் தென்காசிப் பக்கத்து இளைஞர்கள் மூவர் வாடகைக்கு இருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். அவர்கள் தூக்கம் கெடக்கூடாதே என்று நடேசன் ஷட்டரைத் தரைவரை இறக்கிவிட்டுத்தான் எஞ்சினை ஓட்டுவார்.

அன்று காலை பத்து மணிக்கும் அப்படித்தான். மனைவி கனகம் ஷட்டரைத் தட்டினாள்.

"இன்னாய்யா, உள்ள அடைச்சிக்கினு ஓட்டுற? பொகை சேராதா?"

"பொகை எங்க கீது? சுத்தமா எரியுது. என் மூக்குக்குத் தெரியாம ஒண்ணு வந்துடுமா? ஃபேன் வேற போட்டுக்கினுதான் கீறேன். நீ போ."

அவள் ரேஷன் கடைக்குப் போனாள். ஃபேன் தன் வேலையைச் செய்தது: இருந்த காற்றையே சுற்றிச் சுற்றி அவர் முகத்தில் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. அந்த வாரம் மூன்று ஓ.டி. பார்த்திருந்தார், ஆகவே இது ஓ.டி. தலைவலி. பிறகு வயிற்றைப் புரட்டியது. அது காலையில் தின்ற போண்டா. அடுத்து முழங்கால் இரண்டும் துவண்டன. அதற்குக் காரணம் கண்டுபிடிப்பதற்குள் ஜெனரேட்டர் பக்கத்திலேயே சரிந்துவிட்டார்.

மாடியில் அந்த மூவரில் ஒருவனான வனமாமலை விழித்துக்கொண்டான். அவனுக்கும் தலை வலித்தது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்; எஞ்சின் கால் மணி நேரமாக ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நடேசன் கை அதன்மேல் இருந்தால் அப்படி ஓடாது, ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். கீழே வந்து தட்டினான், பதில் இல்லை. ஷட்டரைத் தூக்கினான், மூச்சை அடக்கிக்கொண்டு எஞ்சினை அணைத்தான், அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தான்.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! கண்ணத் தொறங்க! எல, நூத்தியெட்டுக்கு போன் போடுங்கல!"

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு ஆக்சிஜன் மாட்டினார்கள்.

"கார்பன் மோனாக்சைடு," என்றார் டாக்டர். "கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நீங்க இல்ல. மாடியில இருந்தவங்களுக்கும் ஆபத்துதான்."

நடேசன் மாஸ்க்கை விலக்கினார். "வாசனையே இல்லாம வர்றது நாயமா டாக்டர்?"

டாக்டர் மாஸ்க்கைத் திரும்ப மாட்டினார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தால் அறை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஷட்டர் எங்கடி?"

"காயலான் கடையில."

"மழை வந்தா?"

"எஞ்சின் நனையும். தொடச்சிக்கலாம்."

"மேல புள்ளைங்க தூங்க வாணாமா?"

மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வனமாமலை எட்டிப் பார்த்தான். "நீங்க தெருவுல வச்சு ஓட்டுங்க அண்ணாச்சி. அப்பப்ப கொஞ்சம் ஏத்தி எறக்குங்க. அதக் கேட்டாத்தான் எங்களுக்குத் தூக்கமே வருது."

நடேசன் ஜெனரேட்டரைத் தெருவுக்குத் தள்ளினார்.