இடப்பக்கம் தீட்டிய கத்தி

ரோண்டாவின் முன்னால் மேசை மேல் ஒரு தோல்வார் வந்து விழுந்தது. அதன் ஓரம் கடித்துக் குதறியதைப் போலக் கோணிக் கிடந்தது. பின்னாலேயே ஒரு மடக்குக் கத்தியும், அதன் பெட்டியில் வைத்து அனுப்பிய சின்ன அட்டையும் வந்து விழுந்தன.

“இது உங்க கையெழுத்துதானே அம்மா?” என்றார் வந்தவர். பெயர் எமெட். ஓரிகன் மாநிலத்தின் கிழக்கே குதிரைச் சேணம் தைக்கிறவர். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு யூஜீன் நகரக் கத்திக் கண்காட்சிக்கு வந்த கோபம் முகத்தில் ஆறாமல் இருந்தது.

அட்டையில் ‘நானே வெட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது – ரோண்டா’ என்று எழுதியிருந்தது. பதினாறு வருடமாக கிர்க்கின் பட்டறையில் அவள் சாணை பிடிக்கிறாள். அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கத்தியோடும் அவள் வார்த்தையும் போகிறது. வெட்டிப் பார்க்காமல் ஒரு அட்டையில்கூட அவள் பேனா வைத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

“என்னோடதுதான். அதுக்கு என்ன இப்போ?”

“ஓரம் சீவினா வலப்பக்கமா ஓடுது உங்க கத்தி. நாலு சேணத்துத் தோலு பாழாப் போச்சு. முப்பது வருஷமா தோலு வெட்டுறேன், இப்படி ஒரு கத்திய நான் பாத்ததில்ல.”

பின்னால் நின்ற முதலாளி கிர்க் சிரித்தான். “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!”

புது வரிசைக் கத்தி அது. உளியைப் போல ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டி, மறுபக்கத்தைத் தட்டையாகவே விட்டது. சாணை பிடிக்கிறவளுக்குப் பாதி வேலை மிச்சம். மழுங்கினாலும் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்தால் போதும், கை ரோமத்தைச் சிரைக்கும் அளவுக்குக் கூர் ஏறிவிடும். ரோண்டாவுக்கு அந்தக் கத்தி மேல் ஆசையே உண்டு. அவள் அதை வெடுக்கென்று எடுத்து வாரின் ஓரத்தைச் சீவினாள். நூல் பிடித்தாற்போல நேராக வந்தது.

“பாத்தீங்களா? கோளாறு உங்க கையில.”

எமெட் கத்தியை வாங்கி வாரின் இன்னொரு ஓரத்தில் வைத்து இழுத்தார். இரண்டு அங்குலம் ஒழுங்காக வந்த கத்தி, பிறகு வலப்பக்கம் சாய்ந்து, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. அவர் கை துளிகூட நடுங்கவில்லை. அது வலது கை என்பதை ரோண்டா அப்போதுதான் பார்த்தாள்.

அவள் இடதுகைக்காரி.

சரிவு இடப்பக்கம் இருந்தால் அது இடதுகைக்கான கத்தி. வலதுகைக்காரருக்குச் சரிவு வலப்பக்கம் இருக்க வேண்டும். சாணை பிடிக்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. அவளோ கிர்க் வரைந்து கொடுத்தபடி தீட்டினாள், தன் கையில் வெட்டிப் பார்த்தாள், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியதும் மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் வலதுகைக்காரர்கள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

“கிர்க், சரிவ எதுக்கு இடப்பக்கம் வரைஞ்ச?”

“காட்டலாக் படத்துல அந்தப் பக்கம்தானே தெரியும்? தட்டைப் பக்கத்தப் போட்டா வெறும் தகரம் மாதிரி இருக்கும். சரிவு தெரிஞ்சாத்தான் பாக்குறவன் மிரளுவான்.”

“வலது கையில கோணலா ஓடும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன?” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அதனாலதான் உன் கையில குடுத்தேன். உனக்குப் பிடிக்கும்னு தெரியும்.”

ரோண்டாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. “அடப்பாவி! என் பேர வித்துத் தின்னிருக்கியேடா!”

பக்கத்துக் கடைகளில் நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். கூடட்டும் என்று அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள்: “வலதுகைக்காரங்க யாரும் இத வாங்காதீங்க! நேரா வெட்டாது!”

கூட்டம் சிரித்தது. தொப்பி போட்ட ஒருவன் முன்னால் வந்தான். “வெட்டவா வாங்குறோம்? எங்கிட்ட நாப்பது கத்தி இருக்கு, ஒண்ணுகூட ஒரு ஆப்பிளப் பாத்ததில்ல. நீங்க அட்டையில கையெழுத்தப் போடுங்க. அட்டை இல்லேன்னா கத்திக்கு மதிப்பு இல்ல.”

அவள் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து, அட்டை கிழியும்படி அழுத்தி எழுதினாள்: ‘இது வலது கையில் கோணலாக வெட்டும். வாங்காதீர்கள் – ரோண்டா.’ அதை அவன் மேல் விட்டெறிந்தாள்.

குனிந்து எடுத்துப் படித்தவனின் கண் விரிந்தது. “அட, இந்த மாதிரி அட்டை வேற யார்கிட்டயும் இல்லயே! டேய், இங்க வாங்கடா!”

கண் மூடித் திறப்பதற்குள் மேசை முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது. “எனக்கும் அதே மாதிரி போடுங்க.” “அந்த ‘வாங்காதீர்கள்’ கொஞ்சம் பெரிசா.” கிர்க்குக்கு வாயெல்லாம் பல். பெட்டிகளை எடுத்து எடுத்து அடுக்கினான்.

ஆத்திரத்தில் இரண்டு அட்டைகளை எழுதிவிட்டாள். மூன்றாவதில் கை நின்றது. ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதியபோதும் வாங்கினார்கள், ‘வாங்காதீர்கள்’ என்று எழுதினாலும் வாங்குகிறார்கள். அவள் சொல்வது மெய்யா பொய்யா என்பது இவர்களில் ஒருவருக்கும் பொருட்டில்லை. பதினாறு வருடம் இவர்களுக்காகவா ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தோம் என்று பேனாவைக் கீழே வைத்தாள்.

எமெட் இன்னும் அங்கேயே நின்று, பாழான வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “எனக்கு அட்டை கிட்டை வேணாம்மா. நாளைக்குக் காலையில தோலு வெட்டணும். கத்தி இருக்கா?”

ரோண்டா எழுந்தாள். “வண்டியில தீட்டாத அலகு இருக்கு, சாணையும் இருக்கு. சரிவ வலப்பக்கம் எடுத்துத் தரேன். வெட்டிப் பாக்குறது நீங்கதான். என் கைய நம்பாதீங்க.”

“ரோண்டா! எங்க போற? இருபது பேரு நிக்கிறாங்க!” என்று கிர்க் கூவினான்.

“கையெழுத்த நீயே போட்டுக்க. உனக்குத்தான் வலது கையாச்சே!”

அவனை வார்த்தையால் குத்திவிட்டோம் என்றுதான் நினைத்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, கிர்க் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். வரிசையில் ஒருவர்கூட நகரவில்லை.