எதிர் ரூம்காரர்கள்

மாரக்காளின் வீட்டுக்கு எதிர் ரூமில் ஜார்க்கண்டுக்காரப் புருஷன் பெண்டாட்டி குடிவந்தார்கள். இருவருக்கும் கோழிப்பண்ணையில் வேலை. குழாயடியில் அந்தப் பெண் சிரித்தால் மாரக்காள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நம்ம பசங்க ஊருல இல்ல. இவிங்க வந்து உக்காந்துக்கறாங்க" என்பாள் பக்கத்து வீட்டுக் கந்தம்மாளிடம்.

மாரக்காளின் மகன் நவீன்குமார் ரிக் லாரியில் போர்வெல் போட சத்தீஸ்கர் போய் இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது. எப்போதாவது கூப்பிட்டு அவசரமாகப் பேசுவான். எதிர் ரூம் பெண்ணோ தினமும் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, வீடியோவில் தன் அம்மாவோடு பேசிச் சிரிப்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மாரக்காளுக்கு வயிறு எரியும். பொறாமை என்று அவள் நினைக்கவில்லை. அவர்கள் ஆகாதவர்கள் என்று நினைப்பது சுலபமாக இருந்தது.

கந்தம்மாளின் சேவல் காணாமல் போனபோது, "வேற யாரு எடுப்பா, எதுத்த ரூம்காரந்தான்" என்றாள் மாரக்காள்.

அன்று சாயங்காலமே தெருவில் நாலைந்து ஆண்கள் கூடிவிட்டார்கள். பாத்திரங்கள் வாசலில் வந்து விழுந்தன. புருஷனின் சட்டையை ஒருவன் பிடித்தான். அந்தப் பெண்ணின் கையிலிருந்த போன் தெறித்து மாரக்காளின் காலடியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மாரக்காள் எடுத்துப் பார்த்தாள். திரையில் தன் வயசுக்காரி ஒருத்தி. பதறிப்போய் ஏதோ கேட்டாள். பாஷை புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது.

"ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது புள்ள" என்று தமிழிலேயே சொன்னாள். போனை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். "அவன உடுங்க சாமி. நான் எதையும் பாக்கல. சும்மா வாய்க்கு வந்தத சொல்லிப்போட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. ஆனால் விடிந்ததும் இருவரும் பையோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்த வாரம் நவீன்குமார் கூப்பிட்டான்.

"அங்க உன்னைய நல்லா வெச்சுக்கறாங்களா சாமி?"

"இங்க யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்கம்மா. மதராசின்னுதான்" என்றான்.

"வந்துரு சாமி."

"பாக்கலாம்மா."

போனை வைத்த பிறகும் மாரக்காள் வாசலிலேயே நின்றாள். அந்தப் பெண்ணின் பேரைக் கடைசிவரை அவளும் கேட்டிருக்கவில்லை. எங்கே போய்ச் சேர்ந்தாளோ? அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்க வழியில்லை.