லீலாபாயின் எட்டு கிலோ

மணி பதினொன்றுகூட ஆகவில்லை, லீலாபாய்க்கு அதற்குள் மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய்வர ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடிப் பருப்பு. அவள் காலை இறுக்கிக்கொண்டு அடுத்த பருப்பை எடுத்தாள். முதுகுப் பக்கம் கத்தி நுனியால் ஒரு கீறல், பெருவிரலால் ஒரு தள்ளல், சிவப்புத் தொலி கழன்று வரவேண்டும். வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். பருப்பு இரண்டாகப் பிளந்தது.

பிளந்ததை ஓரத்துச் சட்டியில் போட்டாள். முழுப்பருப்பு மட்டும்தான் தராசில் ஏறும்.

குலசேகரம் ரோட்டில் இருந்த அண்டி ஆபீஸ் அது. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் கம்பெனிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். தொலி எடுக்கும் ஷெட்டில் நாற்பது பெண்கள் இருந்தால் நாற்பது வாயும் ஓயாது. சபைச் சண்டை, சீரியல் கதை, மருமகள் வைத்த குழம்பு, எல்லாம் அங்கேதான் அலசப்படும். மூன்று நாளாக மூச்சுச் சத்தம் கூட இல்லை. புது மானேஜர் வந்து உத்தரவு போட்டிருந்தார். இதுவரை நாளுக்கு ஆறு கிலோ அளவு, இனி எட்டு. மூன்று நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் எட்டு வராதவர்கள் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம்.

லீலாபாய்க்கு முதல் நாள் ஆறே முக்கால். நேற்று ஏழு. இன்று மூன்றாம் நாள்.

அவள் புருஷன் ராஜையனுக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று தடவை மிஷினோடு சேர்த்துப் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாம் அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில் நடக்கிறது. வேலை போனால் கொஞ்ச மாதத்தில் கார்டும் போகும். அதற்குப் பிறகு என்ன என்று அவள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

வலப்பக்கம் ரேஷ்மி உட்கார்ந்திருந்தாள். இருபத்துநான்கு வயது. வந்த முதல் வாரமே ஒன்பது கிலோ எடுத்தவள். இப்போது ஒன்பதரை. அவள் விரலுக்கிடையில் பருப்பு ஒரு சுற்றுச் சுற்றும், தொலி முழுசாகக் கழன்று விழும். கண்கூட அங்கே இருக்காது. "எப்பிடி பிள்ளே இது?" என்று லீலாபாய் ஒருதரம் கேட்டதற்கு, "தெரியல்ல மாமி. கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்று சிரித்தாள். மானேஜர் முதலில் ரேஷ்மியின் ஒன்பதரையைத்தான் எல்லாருக்கும் அளவாக வைக்கப் பார்த்தார். மேஸ்திரி கோலப்பன்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "அது பிறவிக் கை சார். அத வச்சு மத்தவளுவள அளக்கப்பிடாது" என்று சொல்லி எட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இடப்பக்கம் செல்லபாய். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். ஒரு கண்ணில் புரை. தலைகீழாக நின்றாலும் ஆறைத் தாண்ட மாட்டாள்.

மற்ற நாட்களில் இதற்கெல்லாம் ஷெட்டுக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. தராசுக்குப் போகும் முன்னால், கூடுதல் வைத்திருப்பவள் குறைந்தவளின் தட்டில் ஒரு கைப்பிடி போடுவாள். கேட்பதும் இல்லை, போட்டதைச் சொல்வதும் இல்லை. கோலப்பன் அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்ப வெளியே போவார். மானேஜர் அதையும் மோப்பம் பிடித்துவிட்டார். இனி கைப்பிடி போட்டவளும் வாங்கியவளும் சேர்ந்தே வீட்டுக்குப் போக வேண்டும்.

உத்தரவு வந்த அன்றே லீலாபாய் நிலக்கடலை வாங்கினாள். முந்திரியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, கேட்டில் துழாவிப் பார்ப்பார்கள். வறுத்த கடலையை வைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் தொலி எடுத்துப் பழகினாள். பெருவிரல் நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. துணி சுற்றிக்கொண்டு பழகினாள். ராஜையன் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குக் கடலை ஆகாது.

"ஏட்டி, எனக்க கண்ணுக்கு முன்னால வச்சு கொதி காட்டாத" என்பான்.

"கண்ண மூடிட்டு கிடங்க."

"மணம் வருதே. மூக்க எப்பிடி மூட?"

அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

மணி மூன்றே முக்கால். நாலே காலுக்குத் தராசு. அடிவயிறு கல்லாகிவிட்டது. தட்டைப் பார்த்தாள். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். பதினேழு வருடம் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? இனி ரெக்கை கட்டிப் பறந்தாலும் எட்டு வராது. அடுத்தடுத்து மூன்று பருப்பு பிளந்தன.

"போயிட்டு வா பிள்ளே" என்றாள் செல்லபாய், தலையைத் தூக்காமல். "அடக்கி அடக்கி நீயும் கிட்னியக் கெடுத்துக்காத."

"இப்ப எழும்பினா அஞ்சு நிமிசம் போவும் அக்கா."

"போவட்டு. ஒனக்க கை நடுங்குது. வெள்ளமும் கொஞ்சம் குடிச்சிட்டு வா. தட்ட நான் பாத்துக்கியேன்."

போனாள். திரும்பி வந்தபோது கோலப்பன் வரிசைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய்த் தட்டைத் தூக்கினாள். தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. கனம் வேறாக இருந்தது. ஒன்றும் கேட்க நேரமில்லை, பின்னால் நின்றவள் தள்ளினாள்.

தராசில் எட்டு கிலோ நூறு கிராம் என்று சிவப்பு எழுத்து ஒளிர்ந்தது.

அடுத்து செல்லபாயின் தட்டு. நாலு கிலோ அறுநூறு. அவளுக்கு எந்த நாளும் ஐந்தரைக்குக் கீழே வந்ததில்லை. கோலப்பன் செல்லபாயைப் பார்த்தார், பிறகு லீலாபாயைப் பார்த்தார், பிறகு நோட்டில் எழுதினார்.

லீலாபாய் வாயைத் திறக்கப் போனாள். செல்லபாய் அவள் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

"மிண்டாத. என்னைய எப்பிடியும் அனுப்புவாவ. ஆறா இருந்தா என்ன, நாலா இருந்தா என்ன? கார்டு ஒனக்குத்தான் வேணும்."

மானேஜர் எல்லாரையும் கூட்டினார். பதினான்கு பேருக்கு எட்டு வரவில்லை. அவர்களுடைய பெயர்களைக் கோலப்பன் வாசித்தார், செல்லபாயின் பெயர் ஐந்தாவதாக வந்தது. பிறகு மானேஜர் லீலாபாயை முன்னால் கூப்பிட்டார்.

"ரேஷ்மிக்குப் பிறவிக் கை, மத்தவங்களால முடியாதுன்னு என்கிட்ட சொன்னாங்க" என்றார். "இவங்களுக்கு என்ன பிறவிக் கையா? நாப்பத்தாறு வயசு. ஆறே முக்கால்ல இருந்து மூணே நாள்ல எட்டுக்கு வந்திருக்காங்க. எப்படிம்மா வந்தீங்க?"

நடந்ததைச் சொல்லிவிட்டால் லீலாபாய்க்குக் கார்டு போகும். சொன்னாலும் செல்லபாய்க்கு வேலை திரும்பி வராது. "வீட்டுல... கடலை வச்சு பழகினேன் சார்" என்றாள். அதுவும் உண்மைதான்.

மானேஜர் கை தட்டினார். "கேட்டீங்களா? முயற்சி இருந்தா எல்லாம் முடியும். இனிமே இங்க யாரும் முடியாதுன்னு சொல்லக்கூடாது. மூணு நாள்ல எட்டு வந்தா, அடுத்த மாசம் ஒன்பது வராதா? ஒன்னாம் தேதியிலிருந்து ஒன்பது கிலோ."

ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை அவள் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அவள் சிரித்தாள். வாசலில் செல்லபாய் குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்குவது தெரிந்தது.

"நல்லா இரி லீலா" என்றாள் பின்வரிசை ரெனிஷா, கடந்து போகும்போது. "எங்க எல்லாருக்க தலையிலயும் ஒரு கிலோவ ஏத்தி வச்சிட்ட." இனி ரேஷ்மியின் பிறவிக் கைக்குமே அரைக் கிலோதான் மிச்சம்.

வீட்டில் ராஜையன் தூக்குவாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாத்தியா, நீ கஷ்டப்பட்டது வீணாப் போவல்ல" என்றான். அவள் அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றாம் தேதி ஷெட்டில் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். செல்லபாயின் இடத்தில் ஒன்றுமில்லை, சிமெண்ட் தரை மட்டும். லீலாபாய் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். நாலே காலுக்கு எல்லாருமாகத் தராசு வரிசைக்கு எழுந்தபோதுதான் அதைப் பார்த்தாள். தராசுக்கு மேலே சுவரில், கண்ணாடி போட்டு, அவள் படத்தை மாட்டியிருந்தார்கள். கையில் வாளி, முகம் நிறையச் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில், 'இவரால் முடிந்தது.'

முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு வரிசைக் கடைசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே லீலாபாய் ஏழு கிலோகூட நிறையாத தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள்.