பாடு மாத்துற நாள்

எங்க குப்பத்துல பாடுன்னா முறை. ஏரியில எந்த நாளு எந்த வூட்டுக்காரன் வலை போடணும்னு ஊரு கூடி குலுக்கிப் போட்டு முடிவு பண்ணும். உன் நாள்ல நீதான் போவணும், அடுத்தவன் உள்ள வரக்கூடாது. பழவேற்காட்டுப் பக்கம் இதைப் பச்சப்புள்ளகூட சொல்லும். மீஞ்சூர்க்காரங்களுக்கு எங்க தெரியப்போவுது.

மீஞ்சூர்ல குடியை வுடுறவங்களுக்குன்னு ஒரு கூட்டம் நடக்குதுன்னு கண்டுபுடிச்சது நான்தான். அங்க மார்க்கெட்ல எறா விக்கிறேன். ரோஸ்மேரின்னு ஒரு டீச்சரம்மா வாடிக்கையா வருவாங்க. ஒரு நாளு என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "வீட்டுக்காரரு குடிப்பாரா அம்பிகா?"ன்னு பட்டுனு கேட்டாங்க. எனக்கு வந்துச்சே கோவம். உங்களுக்கு எறா வேணுமா, என் குடும்பக் கதை வேணுமான்னு கேட்டுட்டேன். அந்தம்மா அசரலை. "எங்க வீட்டுக்காரரும் குடிச்சவருதான். இப்ப இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூம்ல உக்காந்து பேசுவாங்க, எல்லாரும் குடிச்சவங்க. காசு வாங்க மாட்டாங்க, ஊரு பேரு விசாரிக்க மாட்டாங்க. நீயும் கூட வரலாம்"னு சொல்லிட்டு எறாவை வாங்கிக்கினு போயிட்டாங்க.

எங்க வூட்டுக்காரரு பிரபாகரனைக் கிளப்பறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. "பேசினா குடி போயிடுமா? இன்னாமே கத வுடுற"ன்னாரு. "குடிச்சுப் பார்த்தாச்சு இல்ல, ஒரு தபா பேசித்தான் பாரேன்"னேன். பொன்னேரி வரைக்கும் பஸ்ஸு, அங்கேர்ந்து ரயிலு. வழி பூரா என் பக்கம் திரும்பாம ஜன்னலையே பார்த்துக்கினு வந்தாரு.

ரூம்ல பிளாஸ்டிக் சேரை வட்டமா போட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தரா பேசினாங்க. டீச்சரம்மா வீட்டுக்காரரு ஜான், எங்காளு பக்கம் திரும்பி, "உங்க பாடு என்னான்னு சொல்லுங்க"ன்னாரு.

இந்த மனுஷன் எழுந்து கையைக் கட்டிக்கினு, "எனக்கு வெள்ளிக்கிழமைங்க"ன்னாரு.

எல்லாரும் முழிச்சாங்க. நான் தலையில அடிச்சுக்கினேன். "யோவ், வலைப் பாடு இல்லய்யா. குடியால நீ பட்ட பாட்டைக் கேக்குறாங்க."

ரூமே சிரிச்சுது. இவரும் சிரிச்சாரு. சிரிச்ச வாயோட பேச ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்லை. போதையில போட்லேர்ந்து தண்ணியில வுழுந்தது, இவரு வர்ற சத்தம் கேட்டா எங்க பொண்ணு சத்யா பின்பக்கமா ஓடிடுறது, எல்லாத்தையும் சொன்னாரு. கண்ணாலமான நாள்லேர்ந்து இவரு தெளிவா நின்னு இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லை. அழுகையா வந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

அதுக்கப்பால வாராவாரம் போனோம். ஒரு வாரம் மழைன்னு போவலை, அன்னிக்கே குடிச்சுட்டு வந்து நின்னாரு. போனா நிக்குறாரு, போவலைன்னா வுழுறாருன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

அப்பன்னு பார்த்து, ஊர்ல புதுசா குலுக்கினதுல இவருக்கு வியாழக்கிழமை வுழுந்துச்சு. வலையை எடுத்துக் கரையேறவே ராத்திரி ஆயிடும். பாடு போவலைன்னா அடுப்பு எரியாது. கூட்டத்துக்குப் போவலைன்னா மனுஷனே இருக்க மாட்டாரு. பாட்டை வேற ஆளோட மாத்திக்கலாம், ஆனா ஊரு முன்னாடி எழுந்து காரணம் சொல்லணும், அது எங்க கட்டுப்பாடு. "வயித்துவலி, ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சொல்லிடு"ன்னு போற வழியெல்லாம் சொல்லிக்குடுத்தேன். சரி சரின்னு தலையாட்டினாரு.

ஊரு கூடுச்சு. ஆம்பளைங்க முன்னால, நாங்க பின்னால. தலைவரு கண்ணப்பன், "இன்னா காரணம்பா?"ன்னாரு.

"நான் குடிகாரன் தலைவரே. அது ஊருக்கே தெரியும். குடிக்காம இருக்கறதுக்கு மீஞ்சூர்ல ஒரு கூட்டத்துக்குப் போறேன், அதுதான் யாருக்கும் தெரியாது. அது வியாழக்கிழமை நடக்குது. போவலைன்னா குடிச்சுடுவேன். அதனால மாத்திக் கேக்குறேன்."

படுபாவி, மானத்தை வாங்கிட்டானேன்னு எனக்குப் பொங்குச்சு. அதே நேரம், இந்த ஆளு என் புருஷன்னு எழுந்து நின்னு சொல்லணும் போலவும் இருந்துச்சு. யாரும் சிரிக்கலை. மாத்திக்கிறேன்னும் யாரும் சொல்லலை.

கடைசியில சீனிவாசன் எழுந்தான். சாயங்காலமானா எங்க வாசல்ல வந்து நின்னு இவரைக் குடிக்கக் கூப்புடுறவன். தொடப்பத்தால துரத்திருக்கேன். இவன் இன்னா நக்கல் பண்ணப் போறானோன்னு பல்லைக் கடிச்சுக்கினு உக்காந்திருந்தேன்.

"தலைவரே, எனக்கும் அதே பாடுதான்"னான்.

"உனக்கு சனிக்கிழமைடா"ன்னாரு தலைவரு.

"நான் வலையைச் சொல்லலை."

தலைவரு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. அப்பால, "வியாழக்கிழமையை நான் எடுத்துக்கறேன். என் செவ்வாக்கிழமை பிரபாகரனுக்கு. ரெண்டு பேரும் ஒழுங்கா போயிட்டு வாங்க"ன்னாரு.

சீனிவாசன் பொண்டாட்டி மணியம்மாள் என் பக்கத்துலதான் இருந்தா. எப்ப என் கையைப் புடிச்சாளோ தெரியலை, வுடவே இல்லை. "அங்க இன்னாக்கா கேப்பாங்க?"ன்னா.

"பாடு இன்னான்னு கேப்பாங்க. உன் ஆளு சனிக்கிழமைன்னு சொல்லிடப் போறான், இப்பவே சொல்லி வெய்யி"ன்னேன்.