இடது கீழ் மூலை

ஓய்வுநாளின் பிற்பகலில், கிரேன் ஓட்டுநர் மறுபடியும் செத்தார். தொலைக்காட்சித் திரையில், விளக்கேந்திக் குகைக்குள் திரியும் கட்டங்கட்டமான குட்டி மனிதன் துள்ளி விழுந்து மறைந்தான். கடைசியாக ஏற்றிய தீபத்தருகே மீண்டும் எழுந்தான். பழைய பாணி விளையாட்டு அது. இருண்ட அறைகளை ஒவ்வொன்றாகத் தாவித் தேடி, வரைபடத்தை நிரப்ப வேண்டும்.

“பாம்பு வருதுன்னு சொன்னேன்ல, மாமா!” என்றான் அருகில் அமர்ந்திருந்த மைத்துனன்.

“எங்கடா வந்துச்சு? திடீர்னு கடிக்குது. இந்த விளையாட்டே கோளாறு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கீழ, இடது பக்கம் ஊர்ந்து வருது. பச்சை உடம்பு, சிவப்புக் கண்ணு. இன்னும் என்ன, மேளம் அடிச்சுக்கிட்டு வரணுமா?”

ஓட்டுநர் சிரித்துவிட்டு மறுபடி ஆடினார். குட்டி மனிதன் எப்போதும் திரையின் நடுவிலேயே நிற்பான்; குகைதான் நகரும். ஆதலால் அவருடைய கண்கள் நடுவைவிட்டு அசையவில்லை. வெறுந்தரையே கடித்ததுபோல் மனிதன் விழுந்தான்.

இம்முறை அவர் சிரிக்கவில்லை. மீண்டும் ஆடி, “இதோ வருது” என்று மைத்துனன் கூவியதும் ஆட்டத்தை நிறுத்தினார். பார்வையை இடது மூலைக்குத் திருப்பினார், பாம்பு கிடந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தார்; பாம்பு இல்லை. இடக்கண்ணைப் பொத்தினார், இல்லை. வலக்கண்ணைப் பொத்தினார், அப்போதும் இல்லை. அவ்விடம் இருட்டாகக்கூட இல்லை. ஒன்றுமே இல்லையென்று பார்வை அடித்துச் சொன்னது.

வேலையில், கிரேனின் உயரத்துக் கூண்டிலும் அப்படித்தான். நடுவில் தொங்கும் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், கீழே கையசைத்து வழிகாட்டுபவனை ஓரப்பார்வையாலேயே கவனிப்பது அவருடைய பெருமை. வழிகாட்டுபவன் இந்த மைத்துனன்தான், இடப்புறம்தான் நிற்பான். நேற்று இரும்புச் சட்டம் தலையை உரச வந்தபோது எகிறிக் குதித்துத் தப்பினான். “நிக்க வேண்டிய இடத்துல நில்லுடா, எருமை!” என்று மேலிருந்து அவரே திட்டினார். தவறு செய்தவன் குரல்தான் எங்கும் ஓங்கி ஒலிக்கிறது! அவன் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தான்.

நாளைக் காலையில் மறுபடி ஏற வேண்டும். வாயைத் திறந்தால் கூண்டு கைநழுவிப் போகும். வேறு தொழிலும் தெரியாது. கண்ணை அடிக்கடி திருப்பிக்கொண்டால் சமாளிக்கலாமே என்று மனம் பேரம் பேசியது.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“டேய், டிவிக்குப் பக்கத்துல, இடது பக்கமா கீழ உட்காரு.”

“எதுக்கு? பாம்புக்குத் துணையாவா?” என்று முனகிக்கொண்டே போய் அமர்ந்தான்.

ஓட்டுநர் குட்டி மனிதனையே உற்று நோக்கினார். சுவர் தெரிந்தது; தரை தெரிந்தது. அந்த ஆறடி உடம்பு தெரியவில்லை.

“நிறுத்துன்னு கை காட்டுடா.”

அவர் கண்ணை நடுவிலேயே வைத்துக் காத்திருந்தார்.

“காட்டினியா?”

“காட்டிக்கிட்டேதான் இருக்கேன், மாமா.” அவன் குரலில் கேலி வற்றியிருந்தது. “நேத்தும் இப்படித்தான் காட்டினேன்.”

ஓட்டுநர் ஆட்டக்கருவியைக் கீழே வைத்தார். “சூப்பர்வைசருக்குப் போன் போடு. நாளைக்கு நான் மேல ஏறலன்னு சொல்லணும். அப்புறம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். உயர்த்திய கைகளை அவன் இன்னும் இறக்கவில்லை.