கன்னத்தில் கை வைக்காத வீடு

வள்ளித்தாய் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் வீட்டுக்காரர் மகாராஜனின் புத்தக அலமாரியில் பதினோரு கப்பல்கள் கவிழ்ந்தன. அன்றைக்குச் சங்கரன்கோவில் சந்தையில் பிச்சிப்பூ கிலோ முந்நூறு ரூபாய், மல்லிகைக்கு வரத்து இல்லை. கப்பல் கவிழ்ந்தால் கன்னத்தில் கை வைப்பது உலக வழக்கம். அந்த வீட்டில் வரிசை மாறிவிட்டது; முதலில் கை, அப்புறம் கப்பல். ஏன் மாறியது என்று யாரும் கேட்கவில்லை. இளையரசனேந்தலில் பெய்த மழை சங்கரன்கோவிலுக்கு வராமல் போவதற்கே இந்த ஊரில் யாரும் காரணம் கேட்டதில்லை.

மகாராஜனுக்குக் கழுகுமலை ரோட்டில் விசைத்தறிக் கொட்டகை இருந்தது. துண்டு நெய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் கடல் பிடித்துக்கொண்டது. கடல் என்றால் தண்ணீர் அல்ல. திருச்செந்தூருக்கு முடியிறக்கப் போனபோதுகூட அவர் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. கடையநல்லூருக்குப் பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்துக்கொண்டு போகிறவர். அவருக்குப் பிடித்தது கடலைப் பற்றிய பழைய புத்தகங்கள். தோல் அட்டை போட்டவை, பூச்சி அரித்தவை, துரைமார்களும் டச்சுக்காரர்களும் எழுதியவை. எந்தக் கரையில் எந்தப் பாறை ஒளிந்திருக்கிறது என்று மாலுமிக்குச் சொல்லும் வழிகாட்டிகள், என்றைக்கோ முடிந்துபோன வருடங்களின் கடல் ஏற்ற இறக்க அட்டவணைகள், மூழ்கிய கப்பல்களுக்கென்றே அச்சிட்ட பதிவேடுகள். எல்லாவற்றிலும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த கப்பல் படங்கள் இருந்தன. கொச்சியிலும் கொல்லத்திலும் பழைய பங்களாக்களை இடிக்கிற இடத்தில் கடையநல்லூர் அப்துல் ஜப்பார் அவற்றை எடைக்கு வாங்கி, மகாராஜனிடம் மதிப்புக்கு விற்றார். எடைக்கும் மதிப்புக்கும் நடுவில் கிடந்த இடத்தில் ஜப்பார் பாய் ஒரு மாடி கட்டினார்.

புத்தகம் சேரச் சேர மகாராஜனுக்குப் பட்டங்களும் சேர்ந்தன. எல்லாம் அவரே கொடுத்துக்கொண்டவை. வாசலில் ‘சங்கரன்கோவில் கடல்சார் வரலாற்றுப் பேரவை’ என்று பலகை தொங்கியது. நிறுவனர், தலைவர், நூலகர் மூவரும் ஒரே வேட்டிக்குள் இருந்தார்கள். ஊர் அவரைக் கேலியாகக் கப்பல் அண்ணாச்சி என்றது. அவர் அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நான்கு தறிகளை விற்ற கையோடு ஒரு டச்சுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். டச்சு அவருக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் யாருக்குமே தெரியாது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை என்றார். வள்ளித்தாய் அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தாள். சாயங்காலம் அவர் புத்தகத்தைத் திறந்தபோது, மூன்று பாய்மரம் கொண்ட ஒரு கப்பல் நின்ற பக்கத்தில் அதன் அடிப்பலகை மட்டும் மேலே தெரிந்தது. எறும்பு மாதிரிச் சில ஆட்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். மற்றப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். பத்துக் கப்பல்களுக்கு அதே கதி. உடனே ஜப்பாரை வரவழைத்து, ஏமாற்றிவிட்டதாகச் சத்தம் போட்டார்.

“நான் தரும்போது கப்பலு நேராத்தான் நின்னுச்சு அண்ணாச்சி. நீங்க புக்கைத் தலைகீழா வச்சுப் படிச்சியளோ என்னமோ.”

“தலைகீழா வச்சா தண்ணியும்லா வே மேல போவணும்?”

“அதுஞ் சரிதான். டச்சுக்காரன் தண்ணி எப்படியோ, யாரு கண்டா.”

காரணம் பேரவையின் முதல் ஆண்டு விழாவில் தெரிந்தது. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து, கூடத்தில் நாற்காலி போட்டு, முப்பது பேரை உட்காரவைத்து, மகாராஜன் வரவேற்புரை தொடங்கினார். சோழர் காலத்தில் தொடங்கியவர் பாண்டியர் காலத்துக்கு வருவதற்குள் பேராசிரியர் கன்னத்தில் கை வைத்தார். அவரைப் பார்த்து முன்வரிசை வைத்தது, பிறகு எல்லோரும். அலமாரியில் ஒரு பெரிய கடற்போரின் படம் விரித்து வைத்திருந்தது. அதில் இரண்டு நாட்டுக் கப்பல்களும் இருநூறு வருடமாக ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு சேதமில்லாமல் நின்றன. வரவேற்புரை முடிவதற்குள் இரண்டு பக்கமும் மூழ்கிவிட்டன. பக்கத்து வீட்டுப் பேச்சிதான் முதலில் கண்டாள். “அண்ணாச்சி, பேச்சை நிப்பாட்டுங்க, கப்பலெல்லாம் முழுகுது!” என்று அவள் கத்தியதைப் பாராட்டு என்று நினைத்து மகாராஜன் இன்னும் கொஞ்சம் பேசினார். அடுப்படியில் கப்பல் படம் போட்ட தீப்பெட்டிகூட நமத்துப்போய்ப் பற்றவில்லை. சிறப்பு விருந்தினர் காபி குடிக்காமலே ரயிலேறினார். அந்த வீட்டுக்குள் இருக்கிற எந்தக் கப்பலுக்கும் இதுதான் சட்டம் என்பது தெரிந்துபோயிற்று. மறுநாள் ‘செருப்பைக் கழற்றவும்’ என்ற பலகைக்குக் கீழே ‘இங்கு கன்னத்தில் கை வைக்கக் கூடாது – நூலகர்’ என்று இன்னொன்று ஏறியது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, இசக்கிராஜா. அவனுக்குப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைக்க ஆசை. “பூவுக்கு வாசம் இருக்குப்பா. கப்பலுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டான். “சரித்திரம் இருக்குலே,” என்றார் மகாராஜன். கேப்டன் இல்லாத பேரவை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பது அவர் கவலை. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில், ஆறு மாதம் படித்த பிள்ளையை ஓர் ஏஜென்ட் வழியாக ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார். ஜப்பாரின் அக்கா மகன் முகம்மது அர்ஷத்தும் அதே கப்பலில் சமையல்கட்டுக்குச் சேர்ந்தான். பஸ் ஸ்டாண்ட் எதிரே வெள்ளை யூனிபார்மில் ‘கேப்டன் இசக்கிராஜா’ என்று பிளெக்ஸ் நின்றது. தலை மட்டும் அவனுடையது.

பிள்ளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். “யப்பா, கப்பல்ல துரு சுரண்டுதேன். சுரண்டிட்டுப் பெயிண்ட் அடிக்கணும். மறுபடி சுரண்டணும்.” மகாராஜன் ஊருக்கு ‘உலோகப் பராமரிப்பு அதிகாரி’ என்று அறிவித்தார். அவன் அனுப்பிய கப்பல் போட்டோவை வள்ளித்தாய் ஸ்டூடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். கப்பலின் பேர் பாதி துருவுக்குள் இருந்தது.

இரண்டாவது மழைக்காலத்தில் அந்தக் கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, இன்னொரு துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை. கம்பெனிக்கு ஒரு நாட்டில் ஆபீஸ், இன்னொரு நாட்டில் கொடி, மூன்றாவது நாட்டில் முதலாளி. மூன்று பேரும் ‘தொடர்பு இல்லை’ என்றார்கள். மூழ்கியது என்று சொன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மகாராஜன் மூழ்கிய கப்பல்களின் பதிவேடுகளை இறக்கிவைத்து, காணாமல் போய் வருடக்கணக்கில் கழித்துத் திரும்பிய கப்பல்களைத் தேடித் தேடி வாசித்தார். வள்ளித்தாய் ஒன்றையும் வாசிக்கவில்லை. நடுத்தட்டைப் பார்த்தாள். போட்டோவில் கப்பல் நேராக நின்றது.

அன்றிலிருந்து அவள் கன்னத்தில் கை வைக்கவில்லை.

சொல்வதற்குச் சின்ன விஷயம். துக்கம் வந்த உடம்பு முதலில் தேடுவது அந்தக் கையைத்தான் என்பது, அது கூடாது என்ற பிறகே தெரியும். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருக்களித்துப் படுத்தால் கை தானாகக் கன்னத்துக்குக் கீழே போய்விடும் என்று மல்லாந்தே தூங்கினாள். கிழிந்த துண்டால் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆடித்தபசு வந்து போயிற்று. அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற ஊர் என்பதால் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

விசாரிக்க வருகிறவர்கள்தான் ஆபத்து. அவர்கள் வந்ததே கன்னத்தில் கை வைக்க. வள்ளித்தாய் நிலைப்படியிலேயே ஒரு கையில் டம்ளரும் மறு கையில் முறுக்குத் தட்டும் கொடுத்துத்தான் உள்ளே விட்டாள். குடித்து முடித்ததும் முன்னால் சுளகில் சின்ன வெங்காயத்தைக் கொட்டினாள். உரித்துக்கொண்டே இருந்தால் கை மேலே போகாது, கண்ணீருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த வீட்டில் அழ வேண்டியவர்கள் எல்லோரும் வெங்காயம் உரித்தே அழுதார்கள். ஜப்பார் அதற்குப் பிறகு புத்தகம் கொண்டுவரவில்லை. வாரத்தில் ஒருநாள் சும்மா வந்து, அர்ஷத்துக்கும் சேர்த்து உரித்துவிட்டுப் போனார். உரித்த வெங்காயம் தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிற்று; அந்த வருடங்களில் கழுகுமலை ரோட்டில் சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள்.

“ஏன் மதினி, போட்டோவை எங்க வீட்டுல கொண்டு வச்சிருதேன். நீ ஒரு நாளாவது நிம்மதியா உக்காரு,” என்றாள் பேச்சி.

“இங்கன இருந்தாத்தாம்ட்டி அவன் எங் கையில இருக்கான். வெளிய போயிட்டா கடல் கையிலல்லா இருப்பான்?”

மகாராஜன் சிறுகச் சிறுகப் பேச்சைக் குறைத்தார். பேரவைக்கு அதன் பிறகு ஆண்டு விழா நடக்கவில்லை. பிளெக்ஸை ஒரு காற்று கிழித்தது. வெள்ளை யூனிபார்ம் இருந்த பாதியை ஒரு டீக்கடைக்காரர் கூரைக்குப் போட்டுக்கொண்டார்.

கப்பல் காணாமல் போன ஐந்தாவது வருடம் ஐப்பசியில் ஜப்பார் போன் பண்ணினார். “அண்ணாச்சி, அர்ஷத் வந்திருக்கான். மதினிய கூட்டிட்டு வராண்டாம். நீங்க மட்டும் வாங்க.” மகாராஜன் எலுமிச்சம்பழத்தை எடுக்க மறந்து பஸ் ஏறினார். வழியில் வாந்தி வரவில்லை.

அர்ஷத்தை ஒரு மீன்பிடிப் படகு தூக்கி, சண்டை நடக்கிற ஒரு நாட்டில் இறக்கியிருந்தது. பாஸ்போர்ட் இல்லாதவன் என்று அங்கே பிடித்து வைத்து, இப்போதுதான் விட்டிருந்தார்கள். ஆள் பாதியாக இருந்தான். பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“சத்தம் ஒண்ணும் பெருசா இல்ல மாமா. கிளம்பி மூணாம் நாளு மத்தியானம், லுஹர் தொழுவுற நேரம். அடித்தட்டுல துரு சுரண்டச் சொல்லியிருந்தானுவ. இசக்கி சுரண்டிக்கிட்டே இருந்தான். உள்ள இரும்பே இல்ல மாமா. பெயிண்டுக்கு மேல பெயிண்டா அடிச்சு வச்சிருந்திருக்கானுவ. பெயிண்டுதான் கப்பலு. அதைச் சுரண்டவும் கடலு உள்ள வந்துட்டு.”

“அவன்...” என்றார் மகாராஜன்.

“கீழதான் மாமா இருந்தான்.”

மூன்றாம் நாள் என்றால், கம்பெனி ‘தொடர்பு இல்லை’ என்று சொல்வதற்கு முன்பே. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அந்தக் கப்பல் மிதந்த ஒரே இடம் வள்ளித்தாயின் வீடு.

அவர் திரும்பி வந்தபோது அவள் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். வரவேற்புரையும் நன்றியுரையும் மனப்பாடமாகத் தெரிந்த மனிதருக்கு இதற்கு ஓர் உரை கிடைக்கவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். சுளகை ஒதுக்கிவிட்டு, அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினார்.

“என்ன செய்யுதிய? கப்பல் இருக்கு. கைய விடுங்க.”

அவர் விடவில்லை. அந்தக் கைக்கு அவருடையதைவிடப் பலம் இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கடையநல்லூருக்கா போனிய?”

தலையசைத்தார். அவள் கையில் இருந்த பலம் இறங்கியது. வெங்காய வாடை அடித்த அந்தக் கையை மகாராஜன் அவள் கன்னத்தில் கொண்டுபோய் வைத்தார். தலையின் கனம் முழுவதும் அதில் சாயும் வரை முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நடுத்தட்டில், போட்டோவுக்குள், கப்பல் தொழுவில் எருமை படுப்பதுபோல முதலில் ஒரு பக்கம் சரிந்து, பிறகு மெதுவாக முழுவதும் அமர்ந்தது. பேர் எழுதிய பாதிதான் கடைசியாக உள்ளே போயிற்று. அப்புறம் புத்தகங்களில் மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாகப் போயின. பக்கம் புரட்டும் சத்தத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் பரவியது. காய்ந்த பிறகு உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தீப்பெட்டியும் நமத்திருக்கும். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் யாரும் பார்க்கவில்லை. பேச்சி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வந்தவர்கள் கையில் யாரும் டம்ளரைக் கொடுக்கவில்லை.

ஜப்பார் ஒருநாள் புத்தகங்களை எல்லாம் திறந்து பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் செப்புத்தகட்டு அலைகள் இருந்தன, கப்பல் ஒன்றுகூட இல்லை. எடைக்குப் போட்டால் எடுத்துக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகாராஜன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அடுக்கினார். வாசலில் பேரவைப் பலகையைக் கழற்றினார், கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்ற பலகையையும் கழற்றினார். செருப்புப் பலகை மட்டும் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். கடன்காரன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படாமல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைக்க இடம் கிடைக்காதவர்கள். வள்ளித்தாய் அவர்களுக்குப் பாய் விரித்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்காருகிறாள். போன வாரம் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்ன விஷயம் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தவள், பழைய சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பாள் போல, தூக்கிய கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

மகாராஜன் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“நல்லா வையி தாயி. இங்கன இனிமே கவிழுததுக்கு ஒண்ணுமில்ல.”