ஹூஸ்டனுக்கு ஒரு மாற்றல்

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் நின்றபோது தாமரைச்செல்விக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. நுவார்க் ஆபீஸை மூடப்போகிறார்கள். ஹூஸ்டனுக்குப் போனால் மேனேஜர் வேலை. போகாவிட்டால் வேலையே கிடையாது. அவளுக்கு வேலை போனால் அவளுடைய விசாவும் போகும், அந்த விசாவை ஒட்டிக்கொண்டிருக்கும் கணவன் கதிரின் இருப்பும் போகும். மேலதிகாரி கைகுலுக்கி வாழ்த்தி ஒரு வாரமாகிறது. வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் ரயிலிலிருந்து போனில் அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். அம்மா வசந்தாமணி இருப்பது கோபிசெட்டிபாளையத்தில். அந்தக் காலத்தில் அம்மாவுக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. சத்தியமங்கலம் வரைக்கும் பொம்பளை தனியாக பஸ்ஸில் போய் வருவதா என்று அப்பா கேட்டார், அதோடு முடிந்தது.

"போ கண்ணு, உடாத," என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை மனசு நோகாமச் சொல்லு."

ஸ்டேஷனுக்கு வெளியே கார் வழக்கமான இடத்தில் நின்றது. பின்சீட்டில் மகள் வெண்பா காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஏறி உட்கார்ந்து பார்த்தால் கதிரின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. போன வருஷம் வேலை போனதிலிருந்து சமையல், ஸ்கூல், இந்த ஸ்டேஷன் எல்லாம் அவன்தான். "எங்க ஒர்க் பண்றீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பிறந்தநாள் பார்ட்டிகளுக்குக்கூட வருவதில்லை.

"இன்டர்வியூல மூணாவது ரவுண்டும் க்ளியர் பண்ணிட்டேன் தாமரை. இன்னும் ஒரே ரவுண்டு. விசா ஸ்பான்சர் பண்றேன்னு சொல்றாங்க. பக்கத்துல எடிசன்லயே ஆபீஸ்."

அவள் சீட் பெல்ட்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பக்குவமாகச் சொல்ல யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எங்க டீமை ஹூஸ்டனுக்கு மாத்தறாங்க. இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

அவன் எஞ்சினை அணைத்தான். வெண்பா ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, "ஆர் வி மூவிங் அகெய்ன்?" என்றாள். கதிர் தாமரையின் பக்கம் திரும்பினான்.

"எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

மிச்சிகனில் இருந்தபோது அவளுக்கு மாஸ்டர்ஸ் அட்மிஷன் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்க இருந்த சமயத்தில் கதிர் வந்து, நியூஜெர்ஸியில் நல்ல ப்ராஜெக்ட், அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்றான். கல்யாண நாளுக்கு எங்கே சாப்பிடப் போகலாம் என்று சொல்லும் அதே குரல். அன்று சொல்லாமல் விழுங்கிய பதில்கள் பல வருஷம் அவளுக்குள் உருண்டுகொண்டிருந்தன. இன்று தேடினால் ஒன்றையும் காணவில்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

கதிர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான். "மிச்சிகன்ல இருந்து கிளம்பலாம்னு நான் சொன்னப்ப நீ என்ன சொன்ன? எனக்கு ஞாபகமே வரல."

"ஒண்ணும் சொல்லலீங்க. சாமான் பேக் பண்ண ஆரம்பிச்சேன்."

அடுத்த ரயில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் பையும் களைத்த முகமுமாக அவரவர் காரைத் தேடிப் போனார்கள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. யாராவது பேசாமல் வீடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனால் போதும், ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாம் என்றிருந்தது.

கதிர் இறங்கி, சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நீ ஓட்டிக்கோ. இன்னிக்கு என்னால முடியல."

அவள் இறங்கிப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். சீட் அவன் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. கால் பிரேக்கை எட்டவில்லை. இருட்டத் தொடங்கிய பார்க்கிங்கில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, அவள் குனிந்து, சீட்டுக்கு அடியில் அதை முன்னால் நகர்த்தும் பிடியைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள்.